ஆட்டோமேட்டிக்காகப் போகிற பேக்கப்பை எவ்வளவு நம்பலாம்?

அடுத்தவர்களின் இணையதளங்களைப் பராமரிப்பது என் வேலை. பெரிய நிறுவனங்கள் இல்லை. ஒரு இதழ், ஒரு பயிற்சி மையம், சில ஆன்லைன் கடைகள், சொந்தமாக எழுதுகிற சிலர். பெரும்பாலும் வேர்ட்பிரஸ் என்ற, தளம் நடத்த உதவும் மென்பொருளில் ஓடுபவை. புதிதாக ஒரு தளம் கைக்கு வந்ததும் பேக்கப் எப்படி என்று கேட்பேன். "அதெல்லாம் ஆட்டோமேட்டிக்கா போகுதுங்க" என்பதுதான் கிட்டத்தட்ட எல்லோருடைய பதிலும். பல நேரம் அது உண்மையும்கூட, ஏதோ ஒரு பிளகின் (வேர்ட்பிரஸ்ஸில் கூடுதலாகச் செருகும் நிரல்) தினமும் ராத்திரி ஒரு ஜிப் கோப்பை எங்கேயோ போட்டுக்கொண்டுதான் இருக்கும். ஆனால் தானாக ஓடுகிற எதற்கும் நல்லது கெட்டது தெரியாது. தளம் நன்றாக இருந்தால் அதைப் பிரதி எடுக்கும். தளத்துக்குள் திருடன் உட்கார்ந்திருந்தால் திருடனையும் சேர்த்துப் பத்திரமாகப் பிரதி எடுத்து வைக்கும்.

அந்த இதழின் தளத்தில் நடந்தது இதுதான். கூகுளில் தேடி போனில் வருகிறவர்கள் மட்டும் ஏதோ சூதாட்டத் தளத்துக்குத் தூக்கி எறியப்பட்டார்கள். முகவரியை நேராகத் தட்டி, கணினியில், லாகின் செய்து வருகிற ஆசிரியருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. இந்தத் திருட்டு நிரலை வேண்டுமென்றே இப்படி எழுதுகிறார்கள், உரிமையாளர் கண்ணில் படாமல் இருந்தால்தானே நிரலுக்கு ஆயுள். வாசகர் ஒருவர் சொல்லி அவருக்குத் தெரிய வந்தபோது, ஹோஸ்டிங்கில் (தளத்துக்கு சர்வரில் இடம் தரும் கம்பெனியில்) ஏழு நாள் பேக்கப் இருக்கிறதே, நேற்றையதை எடுத்துப் போட்டுவிடலாம் என்று போட்டார்கள். சாயங்காலமே பழையபடி ஆகிவிட்டது. அதற்கு முந்தைய நாளையதைப் போட்டார்கள், அதிலும் அதே கதை. என்னிடம் வந்த பிறகு கோப்புகளின் தேதிகளைப் பார்த்தால், முதல் கதவு திறந்தது ஒரு மாதத்துக்கும் மேல் முன்னால். அதாவது கையில் இருந்த ஏழு பிரதிகளுமே திருட்டுச் சாவியோடு இருந்தன.

ஏழு நாள் என்பது ஹோஸ்டிங் கம்பெனிகளும் பிளகின்களும் பரவலாக வைக்கிற கணக்கு. தவறுதலாக ஒரு பக்கத்தை அழித்துவிட்டால் அது போதும். ஹேக் செய்யப்பட்ட தளத்துக்குப் போதாது, ஏனென்றால் உள்ளே வந்தவன் அன்றைக்கே சத்தம் போடுவதில்லை. அதனால் நான் வைப்பது தினப் பிரதி 7, வாரப் பிரதி 4, மாதப் பிரதி 12. இடம் நிறையப் பிடிக்குமே என்று தோன்றும். ரெஸ்டிக், போர்க் மாதிரியான கருவிகள் ஒரே தரவை இரண்டு முறை சேமிப்பதில்லை, மாறிய துண்டுகளை மட்டும் சேர்க்கும். தளத்தில் முக்கால்வாசி இடத்தைப் பிடிப்பது எப்போதும் மாறாத பழைய படங்கள்தான் என்பதால் ஒரு வருடப் பிரதிகள் எல்லாம் சேர்ந்தும் தளத்தின் அளவைவிட ரொம்பப் பெரிதாகிவிடுவதில்லை. ரெஸ்டிக் தரவைக் கடவுச்சொல்லால் பூட்டித்தான் வைக்கும், போர்க்கிலும் அப்படிப் பூட்டி வைக்கலாம். அந்தக் கடவுச்சொல் தொலைந்தால் கருவியை எழுதியவர்களாலும் திறக்க முடியாது. அதை அதே சர்வரில் ஒரு கோப்பில் மட்டும் வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சர்வர் போனால் சாவியும் போச்சு. காகிதத்தில் எழுதி வையுங்கள், பழைய முறைதான், வேலை செய்கிறது.

சரி, அந்த இதழை எப்படி மீட்டோம் என்று கேட்டால், பேக்கப்பிலிருந்து முழுசாக மீட்கவே இல்லை. வேர்ட்பிரஸ்ஸின் மூலக் கோப்புகளைப் புதிதாக இறக்கினோம். பிளகின்கள், தீம் எல்லாவற்றையும் அவை வெளியாகும் இடத்திலிருந்து மறுபடி எடுத்தோம். பழையதிலிருந்து எடுத்துக்கொண்டவை இரண்டே: டேட்டாபேஸும், படங்கள் இருக்கும் அப்லோட்ஸ் ஃபோல்டரும். படங்களுக்கான அந்த ஃபோல்டரில் பிஎச்பி கோப்பு, அதாவது சர்வரில் ஓடும் நிரல், இருக்க வேண்டிய அவசியமே கிடையாது, தேடிப் பார்த்தால் படம் மாதிரி பெயர் வைத்துக்கொண்டு சில உட்கார்ந்திருந்தன. டேட்டாபேஸில் யாருக்கும் தெரியாத ஒரு நிர்வாகி கணக்கு. அதை நீக்கி, கட்டுரைகளிலும் அமைப்புகளின் அட்டவணையிலும் ஸ்கிரிப்ட் ஏதும் செருகப்பட்டிருக்கிறதா என்று தேடி, எல்லோருடைய கடவுச்சொல்லையும் மாற்றி, கான்ஃபிக் கோப்பில் இருக்கிற சால்ட் எனப்படும் ரகசியச் சரங்களையும் மாற்றினோம். இந்தக் கடைசி வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அவற்றை மாற்றினால்தான் ஏற்கெனவே லாகின் ஆகி உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரும் ஒரேயடியாக வெளியே தள்ளப்படுவார்கள். கட்டளை வரி பழக்கமானவர்களுக்கு டபிள்யூபி-சிஎல்ஐ என்று ஒரு கருவி உண்டு, மூலக் கோப்புகள் அசல்தானா என்று ஒவ்வொன்றின் செக்சம்மையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான எண்) ஒப்பிட்டுச் சொல்லிவிடும். அதை வாரம் ஒருமுறை தானாக ஓட விடுவது என் வழக்கம்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லித் தருவதில்லை: தளம் கெட்டுவிட்டால் முதலில் கெட்டுப்போன நிலையிலேயே ஒரு முழுப் பிரதி எடுங்கள். பதற்றத்தில் நேற்றைய பிரதியை மேலே போட்டுவிட்டால் எந்த வழியாக வந்தார்கள் என்ற தடயமெல்லாம் அழிந்துவிடும். கடைத் தளமாக இருந்தால் இன்று காலையிலிருந்து வந்த ஆர்டர்களும் சேர்ந்து போய்விடும். யார் எப்போது எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்று சர்வர் குறித்து வைக்கும் அணுகல் பதிவுகளையும் உடனே இறக்கிக்கொள்ளுங்கள், பல ஹோஸ்டிங்குகளில் அவை சில நாட்களிலேயே சுழற்சியில் அழிக்கப்பட்டுவிடும்.

இனி பேக்கப் உண்மையிலேயே ஓடுகிறதா என்ற விஷயம். வேர்ட்பிரஸ்ஸுக்குள் இருக்கும் நேரத் திட்டம், டபிள்யூபி-கிரான், உண்மையான கடிகாரத்தைப் பார்த்து ஓடுவதில்லை. யாராவது ஒருவர் பக்கத்தைத் திறக்கும்போதுதான் "நேரமாகிவிட்டதா" என்று சோதிக்கும். ராத்திரி 2 மணிக்கு என்று நீங்கள் வைத்திருக்கலாம், அந்த நேரத்தில் ஒருவரும் வராத தளத்தில் அது காலையில் முதல் ஆள் வந்த பிறகுதான் கிளம்பும். பக்கங்களை எல்லாம் கேஷிலிருந்தே, அதாவது முன்பே தயாரித்து வைத்த நகலிலிருந்தே, கொடுத்துவிடுகிற அமைப்பு இருந்தால் பிஎச்பி வரை கோரிக்கை போகாது, நாள் கணக்கில் கிளம்பாமலே கிடக்கும். பயிற்சி மையத் தளத்தில் இப்படித்தான் பேக்கப்புகளுக்கு இடையில் பெரிய பெரிய இடைவெளிகள் இருந்தன, பட்டியலில் பச்சை டிக் மட்டும் ஒழுங்காக இருந்தது. டபிள்யூபி-கிரானை நிறுத்திவிட்டு சர்வரின் சொந்த நேரத் திட்டமான கிரானிலிருந்து அதை அழைக்கும்படி செய்ததும் சரியானது. பெரும்பாலான ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பலகங்களில் இதற்கு இடம் இருக்கிறது.

தோல்வியடைந்தால் மெயில் வருமே என்று நம்புகிறவர்களுக்கு, நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தின் கதையைச் சொல்வேன். 2017 ஜனவரி 31 அன்று அங்கே ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். கவனித்து நிறுத்துவதற்குள் கிட்டத்தட்ட 300 ஜிபி போய்விட்டது. பேக்கப்பைத் தேடினால் அது இருக்க வேண்டிய இடம் காலி. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் 9.6 பதிப்பில் இருக்க, பிரதி எடுக்கும் கருவி 9.2 பதிப்பில் ஓடி ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. தோல்வி மெயில்களும் போயிருக்கின்றன, ஆனால் அவை போலி மெயில்களைத் தடுக்கும் டிமார்க் விதிகளுக்குப் பொருந்தாததால் பெறும் இடத்திலேயே நிராகரிக்கப்பட்டு யார் கண்ணிலும் படவில்லை. சுமார் 6 மணி நேரத்துக்கு முன் ஒருவர் வேறு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட், அந்தக் கணத்தின் நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. இதையெல்லாம் மறைக்காமல் அவர்களே விரிவாக எழுதியதால்தான் நமக்குத் தெரிகிறது, அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

அதனால் தோற்றால் சொல் என்ற ஏற்பாட்டை நான் நம்புவதில்லை. வெற்றி பெற்றால் ஓரிடத்துக்கு ஒரு சின்ன சிக்னல் அனுப்பு, குறித்த நேரத்துக்குள் சிக்னல் வரவில்லையென்றால் அந்த இடம் எனக்குச் சத்தம் போடட்டும் என்று திருப்பி வைத்திருக்கிறேன். சர்வரே செத்துப்போனாலும், கிரானை யாராவது நீக்கியிருந்தாலும், மெயில் போகாவிட்டாலும் இது பிடித்துவிடும். கூடவே பிரதியின் அளவையும் பார்க்கச் சொல்கிறேன். நேற்று 400 எம்பி இருந்த டேட்டாபேஸ் கோப்பு இன்று 3 கேபி என்றால் உள்ளே இருப்பது ஒரு பிழைச் செய்தியாகத்தான் இருக்கும்.

பிரதி எங்கே இருக்கிறது என்பது அடுத்தது, என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பிரபலப்படுத்திய 3-2-1 விதி பலருக்கும் தெரிந்திருக்கும்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு இடத்தில். வேறு இடம் என்றால் உண்மையிலேயே வேறு இடம். 2021 மார்ச் 10 அதிகாலையில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று முழுசாக எரிந்தபோது, பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் சிலர் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். ஆனால் தீ அபூர்வம். அடிக்கடி நடப்பது வேறு: தளத்தின் சாவி கிடைத்தவனுக்கு பேக்கப்பின் சாவியும் கிடைத்துவிடுவது. கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம் 2014 ஜூனில் இப்படித்தான் மூடப்பட்டது. அமேசான் கிளவுடின் கட்டுப்பாட்டுப் பலகத்துக்குள் நுழைந்தவன் பணம் கேட்டான். அவர்கள் கணக்கை மீட்க முயன்றதும் சர்வர்கள், சேமிப்புகள், பிரதிகள் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் அழித்தான். 12 மணி நேரத்துக்குள் ஒரு கம்பெனியே இல்லாமல் போனது.

பேக்கப் பிளகின்களில் கிளவுட் சேமிப்பின் சாவியைக் கொடுத்து வைக்கிறோம் இல்லையா, அந்தச் சாவி பெரும்பாலும் தளத்தின் டேட்டாபேஸிலேயே இருக்கிறது. தளத்துக்குள் வந்தவன் அதைப் படித்து கிளவுடில் இருக்கும் பிரதிகளையும் அழிக்கலாம். அதனால் தளத்தின் கையில் இருக்கும் சாவிக்கு எழுத மட்டும் அனுமதி, அழிக்க அனுமதி கிடையாது. போர்க்கில் சேர்க்க மட்டும் விடுகிற முறை இருக்கிறது, அமேசானின் எஸ்3 வகைக் கிளவுட் சேமிப்புகளில் குறிப்பிட்ட நாள் வரை யாராலும் அழிக்க முடியாமல் பூட்டும் வசதி இருக்கிறது. இவை இரண்டும் சிரமம் என்றால், தளம் பிரதியை வெளியே தள்ளுவதற்குப் பதிலாக வேறொரு கணினி வந்து பிரதியை இழுத்துக்கொள்ளும்படி வையுங்கள். அந்தக் கணினியைப் பற்றித் தளத்துக்கு ஒன்றும் தெரியாது, அதனால் தளத்திலிருந்து அங்கே போகவும் வழி இல்லை. எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான், சின்னத் தளங்களுக்கு இதைவிட எளிதாக எதுவும் இல்லை.

இதோடு சேர்த்து ஒன்று: ஒத்திசைவு பேக்கப் ஆகாது. இரண்டு இடத்துக் கோப்புகளையும் ஒன்றுபோல ஆக்கும் ஆர்சிங்க் கருவியை அழிப்பு விருப்பத்தோடு ஓட விட்டால், இங்கே அழிந்தது அடுத்த சுற்றில் அங்கேயும் அழியும். ஒரே தரவை இரண்டு வட்டிலும் எழுதும் ரெய்டு வட்டுகளும் அப்படித்தான், ஒரு வட்டு பழுதானால் காப்பாற்றும், தவறாக அழித்ததை இரண்டு வட்டிலும் ஒரே நொடியில் அழித்துவிடும்.

அப்புறம் தமிழ்த் தளங்களுக்கே உரிய ஒரு தலைவலி. பேக்கப் ஒழுங்காக இருக்கும், ரீஸ்டோரும் பிழையில்லாமல் முடியும், திறந்து பார்த்தால் கட்டுரை முழுக்க கேள்விக்குறி. அல்லது யாருக்கும் புரியாத ஐரோப்பிய எழுத்துகளின் குவியல். வேர்ட்பிரஸ் பயன்படுத்தும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் 5.7 பதிப்பு வரைக்கும் இயல்பு எழுத்துத் தொகுதி (எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறை) ஐரோப்பிய எழுத்துகளுக்கான லாட்டின்1, 8.0 பதிப்பில்தான் எல்லா மொழிகளுக்குமான யுடிஎஃப்8எம்பி4 என்று மாற்றினார்கள். பழைய தளங்களில் லாட்டின்1 என்று பெயர் ஒட்டிய அட்டவணைக்குள் தமிழ் பைட்டுகள் அப்படியே உட்கார்ந்திருக்கும். போட்டது போட்டபடி வெளியே வந்ததால் வருடக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. சர்வர் மாறும்போதுதான் குட்டு உடைகிறது. இதில் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. ஐரோப்பிய எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் பெரும்பாலும் மீட்கலாம், பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, பெயர்தான் தப்பு. லாட்டின்1 என்றே சொல்லிப் பிரதி எடுத்து, யுடிஎஃப்8எம்பி4 என்று சொல்லி ஏற்றினால் சரியாகிவிடும். பிரதிக் கோப்புக்குள்ளேயே கேள்விக்குறிகளாக இருந்தால் தகவல் எடுக்கும்போதே போய்விட்டது, ஒன்றும் செய்ய முடியாது. மைஎஸ்க்யூஎல் வெறுமனே யுடிஎஃப்8 என்று அழைக்கும் தொகுதி ஒரு எழுத்துக்கு 3 பைட் வரைதான் தாங்கும். தமிழ் எழுத்துகள் 3 பைட் என்பதால் தப்பிவிடும், எமோஜிகள் 4 பைட் என்பதால் அவை மட்டும் கேள்விக்குறியாகும். ஆக, பிரதிக் கோப்பை ஒருமுறையாவது திறந்து கண்ணால் படியுங்கள். நான்கு வரி தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால் பாதிக் கவலை போச்சு.

டேட்டாபேஸைப் பிரதி எடுக்கும்போது மைஎஸ்க்யூஎல்டம்ப் கட்டளையில் சிங்கிள்-டிரான்ஸாக்‌ஷன் விருப்பத்தைச் சேர்ப்பது நல்லது. எடுக்கும் நேரத்தில் ஆர்டர் வந்துகொண்டிருந்தாலும் ஒரே கணத்தின் நிலை கிடைக்கும், அட்டவணைகள் இன்னோடிபி என்ற சேமிப்பு வகையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. வேறு டொமைனில் ஏற்றிப் பார்க்கும்போது முகவரியை எடிட்டரில் தேடி மாற்றிவிடாதீர்கள். வேர்ட்பிரஸ் பல அமைப்புகளை எழுத்தின் நீளத்தோடு சேர்த்துச் சேமிக்கிறது, நீளம் பொருந்தாவிட்டால் அந்த அமைப்பையே தூக்கி எறிந்துவிடும். முன்னே சொன்ன டபிள்யூபி-சிஎல்ஐயின் தேடி மாற்றும் கட்டளை இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

பிரதிக்குள் வராதவை என்று ஒரு கூட்டம் இருக்கிறது, ரீஸ்டோர் செய்யும் நாளில்தான் ஞாபகம் வரும். டொமைன் பெயரை சர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவுகள், கிரான் பட்டியல், பணம் செலுத்தும் சேவையின் சாவிகள், காசு கொடுத்து வாங்கிய பிளகின்களின் உரிமம், டொமைன் யார் பெயரில் எந்த மெயிலில் பதிவாகியிருக்கிறது என்பது. அந்த மெயில் அதே டொமைனில் இருந்தால் தளம் விழும்போது மெயிலும் சேர்ந்து விழலாம், கடவுச்சொல்லை மீட்கும் கடிதம்கூட வந்து சேராமல் போகலாம். நான் ஒவ்வொரு தளத்துக்கும் இவற்றை ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், இதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அப்லோட்ஸ் ஃபோல்டரில் பிஎச்பி ஓடாமல் தடுத்து வையுங்கள், அந்த இதழில் இது இருந்திருந்தால் பாதி வேலை மிச்சம். நிர்வாகிக் கணக்குகளுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு. பயன்படுத்தாத பிளகினை நிறுத்தி வைப்பது போதாது, நீக்கிவிடுங்கள், கோப்பு சர்வரில் இருக்கும் வரை ஓட்டையும் இருக்கும். 2020 செப்டம்பரில் ஃபைல் மேனேஜர் என்ற பிளகினில் வெளிப்பட்ட ஓட்டைக்கு லாகின்கூடத் தேவைப்படவில்லை, அது அப்போது 7 லட்சத்துக்கும் அதிகமான தளங்களில் இருந்தது. தானியங்கி அப்டேட்டை நான் இப்போது பயமில்லாமல் போட்டுவிடுகிறேன், 2024 ஜூலையில் வந்த 6.6 பதிப்பிலிருந்து, தானாக அப்டேட் ஆன பிளகின் தளத்தை உடைத்தால் வேர்ட்பிரஸ்ஸே பழைய பதிப்புக்குத் திரும்பிவிடுகிறது. பேக்கப் ஜிப்பை வலைத்தளத்தின் பொது ஃபோல்டரில் விடவே விடாதீர்கள். பேக்கப் டாட் ஜிப் மாதிரி யூகிக்கக்கூடிய பெயர்களை வரிசையாகத் தட்டிப் பார்ப்பதற்கென்றே பாட்கள் எனும் தானியங்கி நிரல்கள் அலைகின்றன, பதிவுகளைப் பார்த்தால் தினமும் தெரியும். அது கிடைத்தால் டேட்டாபேஸ் கடவுச்சொல் உட்பட எல்லாம் அவர்கள் கையில்.

கடைசியாக ஒத்திகை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு தளத்தின் பிரதியையும் வேறொரு சர்வரில் ஏற்றிப் பார்க்கிறேன், எல்லாத் தேதியையும் இல்லை, ஏதோ ஒரு பழைய வாரத்தை எடுத்து. எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்கிறேன், தளம் விழுந்த அன்றைக்கு உரிமையாளர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். முகப்புப் பக்கம் வந்துவிட்டது என்பதோடு நிறுத்தாமல் பழைய கட்டுரை ஒன்று, அதிலிருக்கும் படம், தேடல், லாகின், கடையாக இருந்தால் கடைசி ஆர்டரின் தேதி, இவ்வளவையும் பார்க்கிறேன். ஏற்றும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். ஒரு கடைத் தளத்தை எனக்கு முன் பார்த்துக்கொண்டிருந்தவர் இதே மாதிரி ஒரு பிரதியை ஏற்றிப் பார்த்தபோது, அந்தப் பிரதி தன்னை உண்மையான கடை என்றே நினைத்துக்கொண்டு, நிலுவையில் இருந்த சந்தா நினைவூட்டல்களை எல்லாம் வாடிக்கையாளர்களுக்கு மறுபடியும் அனுப்பிவிட்டது. சிலர் இரண்டாவது தடவை பணமும் கட்டிவிட்டார்கள். அதனால் டேட்டாபேஸை ஏற்றுவதற்கு முன்பே, வெளியே போகும் மெயில்களைத் தடுக்கும் சின்ன நிரல் ஒன்றை எம்யூ-பிளகின்ஸ் ஃபோல்டரில் போட்டுவிடுகிறேன். அங்கே இருப்பதை வேர்ட்பிரஸ் தானாக எடுத்துக்கொள்ளும், டேட்டாபேஸில் இயக்கி வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. கான்ஃபிக் கோப்பில் டபிள்யூபி-கிரானை அணைத்துவிட்டு, பணம் செலுத்தும் சாவிகளைச் சோதனைச் சாவிகளாக மாற்றி, முழுத் தளத்துக்கும் ஒரு கடவுச்சொல் போட்ட பிறகுதான் பிரவுசரில் திறக்கிறேன்.